வேட்டைக்கு ஜிபிஎஸ் வாங்கலாமா?

அமெரிக்காவுல மான் வேட்டைக்குக் கையடக்க ஜிபிஎஸ்ஸோட போறாங்கன்னு கேட்டதும் நம்ம சங்கரன்கோவில் பசங்க சிலருக்கும் ஆசை. மக்களே, இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. முயல் அடிச்சாலும் கேஸ்தான்!

வனத்துறை அனுமதியோட மேற்குத் தொடர்ச்சி மலையில நடக்கப் போறீங்களா? அப்போ தாராளமா வாங்கலாம். செல்போன் போதாதா என்பார்கள். சிக்னல் இல்லாட்டியும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும், உண்மைதான். ஆனா சார்ஜ் தீர்ந்தா காட்டுல பிளக் பாயிண்ட் ஏது? அதனால என் ஓட்டு, பெட்டிக்கடையில கிடைக்கிற ஏஏ பேட்டரி போடுற மாடலுக்கு. கார்மின் ஈட்ரெக்ஸ் எஸ்இ ரெண்டு பேட்டரியில 168 மணி நேரம் ஓடும்னு கம்பெனி சொல்லுது. பாதி ஓடினாலே மூணு நாள் தாங்கும்.

இன்ரீச் மாதிரி சேட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புறது மட்டும் வேண்டாம். லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா இந்தியாவுல சட்டச் சிக்கல்.

சாதா ஜிபிஎஸ் உங்க இடத்தை உங்களுக்குத்தான் காட்டும், வீட்டுக்குச் சொல்லாது. 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் மலையேறப் போன 20 பேருக்கும் மேல் இறந்ததை மறக்க முடியுமா? போற வழியையும் திரும்புற நேரத்தையும் வீட்டுல எழுதிக் கொடுங்க. கருவியைப் பார்க்க ரெண்டு பேருக்காவது தெரியணும். மாடலை அப்புறம் பார்ப்போம்.