சீட்டு டப்பாவும் பூவா தலையாவும்

போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன். இந்த முறை கணக்கு. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! நானும் பத்தாவதோடு நின்றவள்தான். அல்ஜீப்ரா என்றால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்த ஒரு கணக்குத் தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு பெண் ரொம்ப நாள் அழுதுகொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

2018-ல் என் அக்கா மகளை என் தம்பிக்குக் கட்டிவைத்தோம். தாய்மாமன் முறை, வெளியில் கொடுக்க வேண்டாம், சொத்தும் சொந்தமும் விட்டுப் போகாது என்று முன்னால் நின்று பேசியவள் நான்தான். 2020-ல் பையன் பிறந்தான். ஆறேழு மாதம் வரை கொழுகொழு என்று இருந்த குழந்தை அப்புறம் வெளுக்க ஆரம்பித்தது. பால் குடிக்கவே களைப்பு. கை கால் சூம்பி வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. பல் முளைக்கிறது என்றோம். திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டோம். இரும்புச் சத்து டானிக் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, 'தலசீமியா மேஜர்' என்றார்கள்.

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபினை உடம்பு சரியாக உற்பத்தி செய்யாத நோய் இது. தொற்று நோய் இல்லை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஆளுக்கு ஒரு பழுதான ஜீனை வாங்கிக்கொண்டு பிறக்கும் குழந்தைக்குத்தான் வரும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வேறொருவர் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேர்ந்துவிடும். அதை வெளியேற்றத் தனியாக மாத்திரை. ஒரே ஒரு பழுதான ஜீன் உள்ளவர்கள் நம்மைப் போல நடமாடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் சோகை இருக்கலாம், அவ்வளவுதான். அவர்களைக் 'கேரியர்' என்கிறார்கள். என் தம்பியும் அக்கா மகளும் அப்படி என்று பையனுக்கு நோய் வந்த பிறகுதான் தெரிந்தது. அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது ஹீமோகுளோபின் 10-க்கு மேல் ஏறவே இல்லை. இரும்பு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது ஒரே வரி. "இவங்களுக்குப் பிறக்கிற குழந்தைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு."

இந்த ஒரு வரியை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டார்கள். 72 வயதான என் அம்மா, "நாலில் ஒண்ணுதானே? அந்த ஒண்ணு வந்தாச்சு. இனிமே மூணும் நல்லாத்தான் பிறக்கும். பரிசோதனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். உறவுக்காரர் ஒருத்தி நேர் எதிராக, "ஒரு தடவை வந்த வயிறு, மறுபடியும் அப்படித்தான் வரும். ராசி இல்லை" என்று கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பெண் பிறந்த வீட்டில் "மூன்றாவது நிச்சயம் ஆண்தான்" என்றும், "இது பெண் வயிறு" என்றும் இரண்டு கட்சி பேசுவதைக் கேட்டிருப்பீர்களே, அதே கதை.

அம்மாவின் கணக்கு எங்கே தப்பு என்று எனக்கு முதலில் புரியவில்லை. சொல்லப்போனால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏன் பட்டது என்று பிறகு யோசித்தேன். நான் நடத்தும் குலுக்குச் சீட்டால்தான்!

எங்கள் தெருவில் 12 பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் போடுகிறோம். ஹார்லிக்ஸ் டப்பாவில் 12 பெயரையும் போட்டுக் குலுக்கி ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். முதல் மாதம் எனக்கு விழ 12-ல் ஒன்று வாய்ப்பு. எடுத்த பெயரை மறுபடி டப்பாவில் போடுவதில்லை. ஆகவே இரண்டாம் மாதம் மிச்சம் 11 பேர், எனக்கு 11-ல் ஒன்று. இப்படியே போய்க் கடைசி மாதம் மிச்சமிருப்பவளுக்குக் குலுக்காமலே நிச்சயம். முதல் மாதம் எனக்கும் அடுத்த மாதம் எதிர்வீட்டு அக்காவுக்கும் விழ வேண்டும் என்றால் 12-ஐயும் 11-ஐயும் பெருக்கி, 132-ல் ஒரு வாய்ப்பு. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டிருந்தால் 12-ஐ 12-ஆல் பெருக்கி 144-ல் ஒன்று ஆகியிருக்கும். போன மாதம் நடந்தது இந்த மாதத்தை மாற்றுகிறது, பாருங்கள். டப்பாவுக்கு ஞாபகம் உண்டு. இதைத்தான் பிளஸ் ஒன் படிக்கும் என் மகளின் புத்தகத்தில் 'சார்ந்த நிகழ்ச்சிகள்' என்கிறார்கள்.

அம்மா வயிற்றைச் சீட்டு டப்பாவாக நினைத்துவிட்டாள். நாலு சீட்டு, அதில் ஒன்று கெட்டது, அது வெளியே வந்துவிட்டது என்று.

ஒரு மத்தியானம் அக்கா மகளை அடுப்படித் தரையில் உட்கார வைத்து, கையில் இரண்டு காசைக் கொடுத்தேன். ஒரு ரூபாய் காசு அவள், இரண்டு ரூபாய் காசு என் தம்பி. தலை விழுந்தால் நல்ல ஜீன், பூ விழுந்தால் பழுது. இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் நாலு விதம்தான். இரண்டும் தலை என்றால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ஒன்று தலை ஒன்று பூ என்பது இரண்டு வழியில் வரும். அது பெற்றோரைப் போலக் கேரியர். இரண்டும் பூ என்றால் நோய். நாலில் ஒன்று என்று டாக்டரம்மா சொன்னது இதைத்தான்.

"சுண்டும்மா" என்றேன். நாற்பது தடவை சுண்டினாள். என் மகள் நோட்டில் கோடு போட்டாள். ஒரு சமயம் இரட்டைப் பூ அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்தது. இன்னொரு சமயம் ஒன்பது தடவை எட்டியே பார்க்கவில்லை. மொத்தம் பதினொன்று. "சித்தி, போன தடவை என்ன விழுந்துதுன்னு இந்தக் காசுக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டாள். தெரியாது. 'ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள்' என்பது அதுதான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. முதல் குழந்தை நோயோடு பிறந்ததால் இரண்டாவதுக்கு வாய்ப்பு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். சுண்டுவது இரண்டு காசு. அவள் காசு மட்டும் பூ விழுந்தால் நோய் இல்லை. 'ராசி இல்லாத வயிறு' என்ற பேச்சுக்கு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் கொஞ்சம் கோபம் வந்தது. அழுகையை விடக் கோபம் நல்லது என்று எனக்குப் பட்டது.

அம்மாவுக்கு இந்தப் பூவும் தலையும் ஏறாது. அணாக் கணக்கில் சொன்னேன். ரூபாய்க்குப் பதினாறு அணா. ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலணா, நோய் இல்லாமல் இருக்கப் பன்னிரண்டணா. இரண்டு குழந்தை பெற்றால் இரண்டும் தப்பிக்க வேண்டுமே, அதற்கு எவ்வளவு? இங்கேதான் கூட்டாமல் பெருக்க வேண்டும். 'இதுவும் நடக்கணும், அதுவும் நடக்கணும்' என்றால் பெருக்கல். முக்காலில் முக்கால், ஒன்பது அணா. நாலு பிள்ளை பெறும் இப்படிப்பட்ட 100 வீடுகளை எடுத்துக்கொண்டால், அம்மா சொல்கிற மாதிரி சரியாக ஒரே ஒரு குழந்தைக்கு நோய் இருப்பது சுமார் 42 வீட்டில்தான் என்று என் மகள் போட்டுக் காட்டினாள். 32 வீட்டில் ஒருவருக்கும் இல்லை. மீதி 26 வீட்டில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ! அம்மா கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். "அப்போ பரிசோதனை பண்ணித்தான் பார்க்கணுமோ" என்றாள்.

அதற்குள் வீட்டில் இன்னொரு பேச்சு கிளம்பியிருந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றினால் பையனுக்கு நோய் தீரும், கூடப் பிறந்தவர் மஜ்ஜைதான் பொருந்தும், ஆகவே சீக்கிரம் தம்பியோ தங்கையோ பெற்றுக் கொடு என்று. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் பிறக்கும் குழந்தைக்கு நோய் இருக்கக்கூடாது, மஜ்ஜையும் பொருந்த வேண்டும். முதலாவதுக்கு முக்கால். கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை பொருந்த நாலில் ஒன்று. (சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இது கொஞ்சம் கூடலாம் என்கிறார்கள்.) ஒன்று நடந்தால் இன்னொன்று நடக்கும் என்று இல்லை. மஜ்ஜைப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் ஜீன்கள் 6-ஆம் குரோமோசோமில், இந்த நோயின் ஜீன் 11-ஆம் குரோமோசோமில். வேறு வேறு டப்பா. ஆகவே பெருக்கலாம். முக்காலில் கால், ரூபாய்க்கு மூன்றணா. மிச்சம் பதிமூன்று அணாவை யார் அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்கள்? மூன்றணாவை நம்பி ஒரு குழந்தையைப் பெறு என்று சொல்வதானால் மூன்றணா என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டாமா? இன்னொரு பிள்ளை அதற்காகவே வேண்டும் என்றால் தேவையில்லை, அந்தப் பிள்ளைக்காகவே வேண்டும் என்றால் பெற்றுக்கொள் என்றேன். தம்பிக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். நம் நாட்டில் நூறு பேரில் மூன்று நாலு பேர் இந்த நோயின் கேரியர். நாலு என்றே வைத்துக்கொள்வோம். அசலில் பெண் எடுத்தால் அவளும் அவனும் ஒருவரையொருவர் சாராதவர்கள். நாலை நாலால் பெருக்கினால், பத்தாயிரம் ஜோடியில் 16 ஜோடிக்குத்தான் இருவருமே கேரியர். பிறக்கும் குழந்தைகளில் பத்தாயிரத்துக்கு 4 பேருக்கு நோய்.

தாய்மாமனைக் கட்டினால் கதை வேறு. பெண்ணிடம் பழுது இருந்தால் அது அவள் அம்மா வழியில் வந்திருக்க எட்டணா. அம்மாவிடம் இருந்தால் அவள் கூடப் பிறந்த தம்பியிடமும் இருக்க எட்டணா. பாதியில் பாதி, நாலணா. நூற்றுக்கு நாலு பேர் என்பது மாமனுக்கு நூற்றுக்கு 25 ஆகிவிடுகிறது! பத்தாயிரம் ஜோடியில் 100 ஜோடி, குழந்தைகளில் 25 பேர். குறைந்தது ஆறு மடங்கு. அத்தை மகன், மாமன் மகன் என்றால் அந்த நாலணா இரண்டணா ஆகும். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. பத்தாயிரத்தில் 25 போக மீதி எல்லோரும் இந்த நோய் இல்லாத பிள்ளைகள்தான். ஆனால் பெண்ணின் ஒரு முடிச்சு மாப்பிள்ளையின் முடிச்சோடு சேர்ந்தது என்பதைத் தெரியாமலே நான் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேனே!

பரிசோதனை எளிதுதான். ஹீமோகுளோபின் ஏ2 பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமாக எடுப்பது போலக் கையில்தான் ரத்தம் எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பார்த்தால் உத்தமம். இல்லாவிட்டால் பிள்ளை உண்டானதும் முதல் மூன்று மாதத்துக்குள். பெண் கேரியர் என்றால் உடனே புருஷனுக்கும் பார்க்க வேண்டும். 'எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நழுவுவார்கள், விடாதீர்கள். இருவரும் கேரியர் என்றால் சுமார் 12 வாரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துக் குழந்தைக்கு நோய் உண்டா என்று பார்த்துவிடலாம். கர்ப்பம் கலைய மிகச் சிறிய வாய்ப்பு இதில் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி.

என் தம்பிக்கு இருப்பதால் எனக்கும் எட்டணா வாய்ப்பு என்று டாக்டரம்மா சொன்னார். பார்த்தேன், நானும் கேரியர். என் வீட்டுக்காரருக்கு இல்லை. என் மகளுக்கு இருக்கிறது. அவள் அதைக் கேட்டுவிட்டு, "அப்போ எனக்குப் பார்க்கிற பையனுக்கு முதல்ல ரத்தம் எடுக்கணும், அப்புறம் ஜாதகம்" என்றாள். நாத்தனார் வீட்டில் அவளுக்காக ஒரு பையன் இருக்கிறான் என்று போன வருஷம் வரை பேச்சு. அவன் என் வீட்டுக்காரர் வழிச் சொந்தம், பழுது என் வழி, ஆகவே இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை அவன் அசலான் மாதிரிதான். ஆனாலும் நான் இப்போது வாயைத் திறப்பதில்லை.

2023-ல் அக்கா மகள் மறுபடி உண்டானாள். 12-ஆம் வாரம் பரிசோதனை. முடிவு வரும் வரை அந்தப் பெண் சாப்பிட்டது கணக்கில் வராது. நோய் என்று வந்தால் என்ன செய்வது என்று அவளும் தம்பியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்க விடவில்லை. கேரியர் என்று வந்தது. 2024-ல் பெண் குழந்தை, நல்ல நிறமாக, உரத்த குரலோடு பிறந்தது. மஜ்ஜை பார்த்தார்கள். பொருந்தவில்லை.

பையன் பள்ளிக்கூடம் போகிறான். மூன்று வாரத்துக்கு ஒரு நாள் ரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரி; அன்றைக்கு மட்டும் தங்கச்சி பாப்பா என் மடியில். இந்த மாதச் சீட்டும் எனக்கு விழவில்லை. விழுந்தால் அவனுடைய மாத்திரைச் செலவுக்கு என்று வைத்திருக்கிறேன். டப்பாவில் இன்னும் ஐந்து பெயர் இருக்கிறது.