தேதி இல்லாத கேலி

தமிழ்நாட்டில் புத்தக விழாக்களின் வரைபடம் கடந்த அரை நூற்றாண்டில் பெரிதும் விரிந்திருக்கிறது. 1977-ல் சென்னை மதரஸா-ஐ-ஆசம் பள்ளி வளாகத்தில் தொடங்கிய காட்சியும், 2005 முதல் ஈரோட்டில் நடைபெற்றுவரும் திருவிழாவும், அண்மை ஆண்டுகளில் அரசின் நிதியுதவியோடு மாவட்டந்தோறும் நடக்கும் விழாக்களும் அதற்குச் சான்று. இவ்விழாக்களின் மாலை மேடை சொற்பொழிவுக்கும் பட்டிமன்றத்துக்கும் உரியதாகவே இருந்துவர, கேலிச்சித்திரக்காரர் அழைக்கப்படும்போது அவருக்குப் பெரும்பாலும் அரங்கின் ஓரத்தில் ஒரு மேசையும், வருவோர் முகத்தைச் சில நிமிடங்களில் வரைந்து தரும் பணியுமே ஒதுக்கப்படுகின்றன. அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்வது மகிழ்ச்சிக்குரியதே எனினும், நாளிதழுக்கும் வார இதழுக்கும் உரிய ஒரு கலைஞரை நூல்களின் விழாவுக்கு அழைப்பதன் பொருள் அவ்வளவுதானா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முகத்தை வரைவதும் அரசியலை வரைவதும் ஒரே கையின் வேலையாக இருக்கலாம்; ஆனால் அவை ஒரே கலை அல்ல. ஒருவரது மூக்கையோ தாடையையோ மிகைப்படுத்தி அவரை அடையாளம் காட்டுவது உருவக் கேலி. கச்சேரி மேடையில் வித்துவான்களின் அங்க அசைவுகளை மாலி ஆனந்த விகடனில் வரைந்த கோடுகள் இவ்வகையின் உயர்ந்த சான்று. கருத்துப்படம் என்பதோ ஒரு குறிப்பிட்ட நாளின் நிகழ்வு குறித்து ஒரு நிலைப்பாட்டை எடுத்துச் சொல்லும் படம். அதில் பாதி தாளில் இருக்கிறது, மறுபாதி அன்றைய செய்தியை அறிந்த வாசகரின் நினைவில் இருக்கிறது. அந்த மறுபாதி அழிந்துபோனால் படம் அச்சில் இருந்தும் ஊமையாகிவிடும் என்பதால், இதழிலிருந்து நூலுக்குப் பெயரும் எழுத்துகளுள் கருத்துப்படமே அதிகம் இழக்கிறது.

தமிழில் இக்கலையின் தொடக்கமே இதை உணர்ந்திருந்தது. 1906-ல் சென்னையில் தொடங்கி, 1908-ல் புதுச்சேரிக்குப் பெயர்ந்த 'இந்தியா' வார இதழில் பாரதியார் வெளியிட்ட படங்களோடு அவற்றின் பொருளை எடுத்துரைக்கும் விளக்கமும் அச்சாயிற்று. படம் பார்த்துப் பழகாத வாசகருக்காக எழுதப்பட்ட அவ்விளக்கமே, அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி திரட்டி நூலாக்கியபோது, நூறாண்டு தள்ளி நிற்கும் வாசகருக்கும் கைவிளக்காயிற்று.

விளக்கம் இல்லாவிடில் எவ்வளவு கைநழுவும் என்பதற்கு அபு ஆபிரகாம் 1975 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் வரைந்த படம் ஒன்றே போதும். குளியல் தொட்டியில் படுத்திருக்கும் குடியரசுத் தலைவர், கையெழுத்திட்ட தாளைச் சற்றே திறந்த கதவு வழியே வெளியே நீட்டி, இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுப் பொறுக்கச் சொல்லுமாறு கூறுகிறார். நாடாளுமன்றம் கூடாத காலத்தில் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் சட்டமே அவசரச் சட்டம் என்பதும், அவ்வாண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு நெருக்கடிநிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அதே குடியரசுத் தலைவர் என்பதும், படம் வெளிவந்த நாளில் பத்திரிகைத் தணிக்கை நடப்பில் இருந்தது என்பதும் தெரிந்தவருக்கு அந்த ஈரக் கை நடுக்கம் தரும். தெரியாதவருக்கு அது ஒரு குளியலறைத் துணுக்கு மட்டுமே.

எனினும் அடிக்குறிப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருதுவதற்கில்லை. அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தையின்மேல் அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டை ஓங்கி நிற்கும் படத்தைச் சங்கர் 1949-ல் வரைந்தார். அன்று அது சட்டம் இயற்றுவதில் நேர்ந்த தாமதத்தைப் பற்றிய கிண்டல். 2006-ல் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் அத்தாமதத்தைச் சுட்டும் குறிப்போடுதான் அது அச்சிடப்பட்டது. ஆயினும் 2012-ல் நாடாளுமன்றம்வரை எதிர்ப்பு எழுந்து படம் விலக்கப்பட்டது. அதே ஆண்டில், 1965-ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி ஆர். கே. லட்சுமண் வரைந்த படம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இடம்பெற்றதைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் கண்டித்தன. இவற்றை நகைச்சுவை உணர்வின்மை என்று தள்ளிவிடுவது எளிதாயினும் நேர்மையாகாது. ஓங்கிய சாட்டைக்கு முன்னால் அம்பேத்கர் அமர்ந்திருக்கும் காட்சி, சாதிக் கொடுமையின் நினைவைச் சுமக்கும் வாசகருக்கு நத்தையின் வேகத்தை அல்ல, சாட்டையையே முதலில் காட்டும். அந்த வாசகரின் கேள்விக்குப் பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரிகள் விடையாகா. வரைந்தவரோ, அவர் காலத்தை அறிந்தவரோ நேரில் நின்று பதில் சொல்லும் இடம் ஒன்று வேண்டும்.

புத்தகத் திருவிழா அத்தகைய இடமாக முடியும். 1987-ல், பெயர் எதுவும் சுட்டாமல் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கிண்டல் செய்த அட்டைப்படத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவைக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் உள்ள தனிச்சலுகைகளைக் குலைப்பதே உரிமை மீறல் எனப்படுகிறது. அதன் பெயரால் ஒரு துணுக்கு எவ்வாறு சிறைவரை சென்றது என்பதையும், எழுந்த எதிர்ப்பால் அவர் சில நாள்களிலேயே விடுவிக்கப்பட்டதையும், அந்தப் படத்தைத் திரையிட்டு ஒரு மாலை முழுதும் விவாதித்தால், பல சொற்பொழிவுகள் தராத அரசியல் கல்வி மாவட்டத் தலைநகர் ஒன்றின் திடலில் கிடைக்கும்.

இவ்விடத்தில் சிற்றிதழ்களும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது உண்டு. ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளுக்கு மதிப்போடு இடம் தந்த சிற்றிதழ் மரபு, கருத்துப்படத்தைப் பெரும்பாலும் வெகுசன இதழ்களின் சரக்காகவே கருதி ஒதுக்கியது. அதனால் தமிழில் நவீன ஓவியத்துக்கு வாய்த்த அளவு விமர்சன மொழிகூடக் கேலிச்சித்திரத்துக்கு வாய்க்கவில்லை. விழாக்குழுக்களைக் குறைசொல்லும் தகுதி, இக்குறையைத் தாமும் நீக்க முற்படும் இதழ்களுக்கே உண்டு.

ஆகவே வேண்டப்படுவன பெரிய ஏற்பாடுகள் அல்ல. கருத்துப்படத் தொகுப்பை வெளியிடும் பதிப்பாளர், ஒவ்வொரு படத்தின் கீழும் அது வெளிவந்த நாளையும் இதழையும் அன்றைய நிகழ்வையும் அச்சிட வேண்டும்; விழாக்குழு, கேலிச்சித்திரக்காரருக்கு மேசையோடு மேடையையும் தந்து, அவருடைய பத்துப் படங்களைத் தேதியோடு திரையிட்டு, அவையோர் கேட்பதற்குப் பாதி நேரத்தை விட வேண்டும். அவ்வாறு செய்தால், தம் முகத்தை வரைந்து வாங்கிச் செல்ல வரிசையில் நிற்பவர், தாம் வாழ்ந்த காலத்தின் முகத்தையும் பார்த்துவிட்டு வீடு திரும்புவார். அந்த முகம் தமக்கு ஒவ்வாததாயின், வரைந்தவரிடமே அதைச் சொல்லிவிட்டும் போகலாம்.