கோயில் சமையல்கட்டுல ரோபோ பேச்சு எதுக்கு? பொறுப்புல இருக்கிறவளோட பதில்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையா இருக்கிறவங்க பிறகு வந்து படிங்க.

போன வாரம் நம்ம கோயில் புலனக் குழுவுல ஒரு செய்தி வந்துச்சு. பேர் போடலை, ஆனா யாரைச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி சமையல்கட்டுல உட்கார்ந்துகிட்டு பிள்ளைங்க இங்கிலீஷ் படத்தைப் பத்தியும் ரோபோவைப் பத்தியும் பேசுறாங்களாம். கோயிலுக்கு வந்தா தேவாரம் பேசணுமாம். கீழே 11 பேர் கும்பிடு பொம்மை போட்டிருந்தாங்க. அந்தச் சமையல்கட்டுக்குப் பொறுப்பு நான்தான். அதனால பதிலும் நான்தான் சொல்லணும்.

சனிக்கிழமை மத்தியான அன்னதானத்துக்கு முதல் நாள் ராத்திரியே காய் நறுக்கி வைக்கணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலைக்கு நானும் இன்னும் ரெண்டு ஆண்டிமாருங்களும்தான். முட்டி வலியோட ராத்திரி ஒரு மணி வரைக்கும் உருளைக்கிழங்கு தோல் உரிச்சிருக்கோம். இப்ப ஆறேழு பிள்ளைங்க வராங்க. ரெண்டு பேரு ஆத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால்ல இருக்கிற அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்துல படிக்கிறவங்க, மோட்டார்ல வருவாங்க. ஒருத்தன் பினாங்கு ஃபேக்டரியில ஷிப்ட் வேலை. ஒரு பொண்ணு படிவம் 5, எஸ்பிஎம் எழுதப் போறா. இவங்க வந்த பிறகு 11 மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிடுறோம். கும்பிடு போட்ட 11 பேருல ஒருத்தரும் கத்தி பிடிச்சு நான் பார்த்ததில்லை. (கோவிச்சுக்காதீங்க, உண்மையைத்தான் சொல்றேன்.)

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. நாங்க ஆண்டிமாருங்க இருந்தப்ப என்ன பேசினோம்னு எனக்குத் தெரியும். யார் வீட்டு மருமக என்ன பண்ணா, யாரு புது காடி வாங்குனான்னுதான். அதை யாரும் புலனத்துல போட்டுக் கேட்கலை.

இந்தப் பேச்சு ஆரம்பிச்சது 2024-ல 'கல்கி 2898 ஏடி' வந்தப்ப. அதுல அமிதாப் பச்சன் அசுவத்தாமனா வர்றாரு. பிள்ளைங்களுக்கு ஒரே கொண்டாட்டம். கதை நடக்கிறது குருட்சேத்திரப் போர் முடிஞ்சு 6000 வருஷம் கழிச்சு. அந்தப் படிவம் 5 பொண்ணு கேரட்டை நறுக்கிக்கிட்டே கேட்டா, "ஆண்டி, கண்ணன் அவருக்கு எத்தனை வருஷம் சாபம் கொடுத்தாரு?" கலியுகம் முடியிற வரைக்கும்னு ஒருத்தன் சொன்னான். சிரஞ்சீவி ஆச்சே, முடிவே இல்லைன்னு இன்னொருத்தன். எனக்கும் தெரியலை. ஐம்பது வயசாச்சு, எத்தனையோ சொற்பொழிவு கேட்டிருக்கேன், தெரியலை.

அடுத்த வெள்ளி ரெண்டு பேரு படிச்சிட்டு வந்தாங்க. மகாபாரதத்துல சௌப்திக பர்வம்னு ஒண்ணு இருக்கு. தூங்கிக்கிட்டு இருந்த பாஞ்சாலி பிள்ளைங்களை அசுவத்தாமன் ராத்திரியில வெட்டிக் கொன்னதும், பிறகு கர்ப்பத்துல இருந்த சிசு மேல அஸ்திரம் விட்டதும், கண்ணன் சாபமும் அதுலதான் வருது. அதுல 3000 வருஷம்னு இருக்கு! அப்போ படத்துல வர்ற ஆளுக்கு சாபம் முடிஞ்சு இன்னொரு 3000 வருஷம் ஆச்சு. பிறகு ஏன் இன்னும் புண்ணோட அலையறாரு? அன்னைக்கு அந்தக் கேள்வியிலேயே ரெண்டு மூட்டை காய் தீர்ந்துச்சு. சாபம் தீர்ந்தாலும் செஞ்சது மனசுல தீராதுன்னு ஃபேக்டரி பையன் சொன்னான். சரியோ தப்போ, எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. சினிமா பேச்சுன்னு நீங்க சொல்றீங்க, அந்தப் பேச்சுதான் ரெண்டு பிள்ளைங்களை பாரதத்தைத் திறக்க வச்சுது.

இப்ப எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கிற விஷயத்துக்கு வரேன். படம் பேசாதேன்னு சொல்றவங்களைக் கூட நான் பொறுத்துக்குவேன். பிள்ளைங்க எதைப் பேசினாலும் "இதெல்லாம் நம்ம புராணத்துல அப்பவே இருக்கு" அப்படின்னு ஒரே வரியில முடிச்சிடுறவங்க இருக்காங்களே, அவங்களைத்தான் என்னால தாங்க முடியலை.

சில மாசத்துக்கு முன்னாடி மண்டபத்துல ஒரு பெரியவர், ஆகாய விமானத்தை முதல்ல கண்டுபிடிச்சது பரத்வாஜ முனிவர், 'வைமானிக சாஸ்திரம்'னு ஆயிரக்கணக்கான வருஷப் பழைய புத்தகமே இருக்குன்னு சொன்னாரு. பொறியியல் படிக்கிற பையன் எழுந்து மரியாதையாத்தான் சொன்னான். ஐயா, அந்தப் புத்தகத்தை சுப்பராய சாஸ்திரின்னு ஒருத்தர் 1918-லிருந்து 1923 வரைக்கும் வாயால சொல்ல, பக்கத்துல இருந்தவங்க எழுதிக்கிட்டாங்க. 1974-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல 5 பேரு அதை ஆராய்ஞ்சு பார்த்தாங்க. 1904-க்கு முன்னாடி எழுதியிருக்க முடியாது, அதுல வரைஞ்சிருக்கிற விமானம் பறக்காதுன்னு எழுதிட்டாங்க. இவ்வளவுதான் சொன்னான். பெரியவருக்கு முகம் சிவந்துடுச்சு. சாமி மேல நம்பிக்கை இல்லாதவன் எதுக்குக் கோயிலுக்கு வரணும்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டாரு.

அந்தப் பையன் மூணு வாரம் வரலை. நான் மூணு தடவை போன் போட்டேன். இப்ப வரான், ஆனா சமையல்கட்டோட சரி. மண்டபத்துக்குள்ள கால் வைக்கிறதில்லை. சாமி கும்பிடுறது கூட வெளியில நின்னுதான்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். புஷ்பக விமானம் பறந்ததுக்கு எஞ்சின் படம் காட்டினாத்தான் நமக்கு இராமர் மேல பக்தி வருமா? திரிபுரம் கதையை எடுத்துக்கோங்க. பொன், வெள்ளி, இரும்புல மூணு கோட்டை, ஆகாயத்துல பறக்குது, மயன் கட்டிக் கொடுத்தது. இன்னைக்குப் பிள்ளைங்க கிட்ட சொன்னா விண்வெளி நிலையம்னு கண்ணு விரியும். விரியட்டும், கதை அவங்களுக்குப் பிடிக்கட்டும். பண்ருட்டிக்குப் பக்கத்துல திருவதிகை போனவங்களுக்குத் தெரியும், அந்த எரிப்புக்காகவே அட்டவீரட்டத்துல ஒண்ணா நிக்கிற தலம் அது. ஆனா திருமூலர் என்ன சொன்னாரு? சிவன் மூணு கோட்டையை எரிச்சாருன்னு அப்படியே நம்புறவங்களை மூடர்னே திட்டிட்டாரு. முப்புரம்ங்கிறது நமக்குள்ள இருக்கிற மும்மலம், ஆணவம், கன்மம், மாயைன்னு சொல்லிட்டாரு. நம்ம பெரியவங்க அப்பவே கதையைக் கதையா வாங்கி, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்திருக்காங்க. அதை ராக்கெட்டு விளம்பரம் ஆக்குறது நாமதான்.

அதே விஷயத்தை வேற மாதிரி செய்யலாம்னு எனக்குக் காட்டுனது நம்ம குருக்கள். ஒரு வெள்ளி பிள்ளைங்க 'இன்டர்ஸ்டெல்லர்' பேசிக்கிட்டு இருந்தாங்க. 2014-ல வந்த படம். பார்க்காதவங்களுக்கு: ஒரு அப்பா விண்வெளிக்குப் போறாரு. அங்க தண்ணியா இருக்கிற ஒரு கிரகத்துல ஒரு மணி நேரம் இருந்தா பூமியில 7 வருஷம் ஓடிடும். கொஞ்ச நேரம் தடுமாறித் திரும்பி வந்து பார்த்தா பூமியில 23 வருஷம் போயிடுச்சு. பிள்ளைங்க அனுப்பி வச்ச வீடியோவை வரிசையா போட்டுப் பார்த்து அழுவாரு. கடைசியில மகளைப் பார்க்கும்போது அவ கிழவியா சாகக் கிடக்கிறா, அப்பா இன்னும் இளமையா நிக்கிறாரு. இது வெறும் கற்பனை இல்லை ஆண்டி, பெரிய ஈர்ப்பு இருக்கிற இடத்துல காலம் மெதுவா ஓடும், ஐன்ஸ்டைன் சொன்னதுன்னு பிள்ளைங்க எனக்கு விளக்கினாங்க. பாதி புரிஞ்சுது.

நைவேத்தியப் பாத்திரம் எடுக்க வந்த குருக்கள் நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. "எங்ககிட்ட அப்பவே இருந்துச்சு"ன்னு அவர் சொல்லலை. ஒரு கதை சொன்னாரு, பாகவதம் ஒன்பதாவது ஸ்கந்தத்துல வர்ற கதை. ககுத்மின்னு ஒரு ராஜா, ரைவதன்னும் பேரு. அவருக்கு ரேவதின்னு ஒரு மக. யாரு மாப்பிள்ளையா வந்தாலும் மகளுக்குப் போதலைன்னு தோணுது. பிரம்மாகிட்டயே கேட்டுடலாம்னு மகளைக் கூட்டிக்கிட்டு சத்தியலோகம் போறாரு. அங்க கந்தர்வர்கள் பாடிக்கிட்டு இருக்காங்க. பாட்டு நடக்கும்போது குறுக்கே பேசக் கூடாதுன்னு ஓரமா நிக்கிறாரு. பாட்டு முடிஞ்சு, தன் மனசுல இருக்கிற மாப்பிள்ளைங்களைச் சொல்லி யாரு நல்லவன்னு கேட்கிறாரு. பிரம்மா சிரிச்சாரு. நீ நினைச்ச ஒருத்தரும் இப்ப இல்லை, அவங்க பேரப்பிள்ளைங்களும் இல்லை, கீழே 27 சதுர்யுகம் போயிடுச்சுன்னாரு. பிறகு பலராமருக்குக் கட்டிக் கொடுக்கச் சொன்னாரு. விஷ்ணு புராணத்துல இன்னொண்ணும் வருது: திரும்பி வந்து பார்த்தா மனுசங்க எல்லாம் குள்ளமாயிட்டாங்க, ரேவதி மட்டும் பழைய யுகத்து உயரம். பலராமர் கலப்பை நுனியால அவளை இழுத்து உயரத்தைக் குறைச்சாராம். பிள்ளைங்க சிரிச்ச சிரிப்பு கருவறை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்னைக்கு தேங்காய் துருவ வந்திருந்த ஒரு அங்கிள், லோரி ஓட்டுனவரு, அதிகம் பேச மாட்டாரு. சிரிப்பு அடங்கினதும் சொன்னாரு: "நான் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில 14 வருஷம் இருந்தேன்மா. தீபாவளிக்கு வருவேன், தைப்பூசத்துக்கு வருவேன். ஒரு ஓட்டி, இன்னொரு ஓட்டின்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். வேலையை விட்டுட்டு வந்து பார்த்தா எம்மவ எஸ்பிஎம் எழுதி முடிச்சிட்டா. என்கிட்ட பேசுறதுக்கு அவளுக்கு ஒண்ணுமே இல்லை." அவ்வளவுதான். தேங்காயைத் திருப்பித் துருவ ஆரம்பிச்சிட்டாரு. படிவம் 5 பொண்ணு எழுந்து போய் அவருக்கு ஒரு தே ஓ கலக்கிக் கொண்டாந்து வச்சா.

அந்த அங்கிள் படத்தைப் பார்த்ததில்லை, பாகவதமும் படிச்சதில்லை. ரெண்டும் ஒரே சமையல்கட்டுல சேர்ந்து வந்ததாலதான் அவர் வாயைத் திறந்தாரு. குருக்கள் மட்டும் அன்னைக்கு "பார்த்தீங்களா, ஐன்ஸ்டைனுக்கு முன்னாடியே நாங்க"ன்னு ஆரம்பிச்சிருந்தா பிள்ளைங்க கைப்பேசியை எடுத்திருப்பாங்க, அங்கிள் தேங்காயைப் பார்த்துக்கிட்டே இருந்திருப்பாரு.

இன்னொண்ணு. இந்த மாதிரி கதைக்கும் பக்திக்கும் பகைன்னு நினைக்கிறவங்களுக்கு எழுத்தாளர் சுஜாதாவைச் சொல்வேன். ஜீனோங்கிற ரோபோ நாய் வர்ற 'என் இனிய இயந்திரா' எழுதினது அவருதான். ஸ்ரீரங்கத்துல வளர்ந்த மனுசன், மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கின வேலையில இருந்தவரு. ஆழ்வார்களைப் பத்தி எளிமையா ஒரு அறிமுகப் புத்தகம் எழுதினதும் அவருதான். ஜீனோ நாவலை அந்தப் பொண்ணுக்கு இரவல் கொடுத்திருக்கேன். எஸ்பிஎம் முடியிற வரைக்கும் தொடாதேன்னு சொல்லியிருக்கேன். கேட்ட மாதிரி தெரியலை.

குழுவுல குறை சொன்னவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கிறேன். டிராகன் வர்ற ஒரு இங்கிலீஷ் தொடரைப் பத்தி ஒரு தடவை பேச்சு எங்கேயோ போயிடுச்சு, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இருந்தாங்க. அன்னைக்கே நிறுத்திட்டேன். பூசை நேரத்துல பேச்சு கிடையாது. தேவார வகுப்பு நேரத்துலயும் கிடையாது. வகுப்புக்கு வர்ற ஒன்பது பேருல நாலு பேரு இந்தச் சமையல்கட்டுப் பிள்ளைங்கதான், அதையும் எண்ணிப் பார்த்துட்டுக் குறை சொல்லுங்க.

மண்டபத்துல கோவிச்சுக்கிட்ட பெரியவரைப் பத்தியும் சொல்லணும், இல்லைன்னா அவருக்கு அநியாயம் பண்ணின மாதிரி ஆயிடும். போன மாசம் சாம்பார் ருசி பார்க்க வந்தாரு. பிள்ளைங்க வேற்றுக் கிரகத்து ஆளுங்க வர்ற படத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் நின்னாரு. "எம்ஜிஆர் படத்துலயே வந்திருக்குடா"ன்னாரு. 1963-ல வந்த 'கலை அரசி'. வேற கிரகத்துல பாட்டு, கலை ஒண்ணும் கிடையாது. அதனால அங்கிருந்து ஆளு வந்து பாட்டுப் பாடுற பானுமதியைத் தூக்கிட்டுப் போவான், எம்ஜிஆர் போய் மீட்பாரு. தோட்டத்துத் திடல்ல வெள்ளைத் திரை கட்டிப் போட்ட படத்தை சாக்கு விரிச்சு உட்கார்ந்து பார்த்தாராம். படம் முடிஞ்சு ரப்பர் காட்டு வழியா லயத்துக்கு நடந்து வரும்போது மேலே பார்த்துக்கிட்டே வந்தேன், எவனாவது இறங்குவானான்னு, அப்படின்னு சொல்லும்போது அவர் முகத்துல எழுபது வயசு தெரியலை.

அந்தப் பொறியியல் பையனும் அங்கதான் இருந்தான். ரெண்டு பேரும் நேராப் பேசிக்கலை. ஆனா பாட்டு இல்லாத கிரகத்துக்கு எதுக்குய்யா பாட்டு வேணும்னு அவன் பொதுவா கேட்டான். பெரியவர் பதில் சொல்லாம யோசிச்சுக்கிட்டே போனாரு. பதிலோட அவர் திரும்பி வருவாருன்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன். செயலவையில யாராவது இந்தப் பேச்சை நிறுத்தணும்னு தீர்மானம் கொண்டு வந்தா, முதல்ல அவர்கிட்ட கேட்டுட்டுக் கொண்டு வாங்க.

வர்ற வெள்ளி திரிசங்கு கதை. தலைகீழாத் தொங்குனாரே, அவருதான். பூசணி ஆறு வந்திருக்கு, நல்ல கத்தி மூணுதான் இருக்கு. வர்றவங்க வீட்டுக் கத்தியைக் கொண்டாங்க, பிடியில பேர் எழுதிக் கொண்டாங்க. போன தடவை மாறிப் போனது இன்னும் என்கிட்டதான் இருக்கு.