ஓசூர் விளக்கு தரையைப் பார்க்கட்டும்!

ஓசூருக்கு இரவு கிடையாது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பல பொருள்கள் உருவாகும் ஊர் அது. அங்கிருந்து கிருஷ்ணகிரி வரை நெடுஞ்சாலை ஓரமெல்லாம் விளக்குகள்! இது நல்ல செய்திதான். தொழில் பெருகினால் விளக்கும் பெருகும்.

ஆனால் அந்த வெளிச்சம் முழுவதும் தரைக்கு வருவதில்லை. ஒரு பங்கு வானத்துக்குப் போகிறது. அதனால் யாருக்கும் லாபம் இல்லை. நஷ்டம் மட்டும் உண்டு. நஷ்டப்படுவது காவலூர்.

காவலூரில் என்ன இருக்கிறது?

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர். இருண்ட வானத்தைத் தேடிய வைணு பாப்பு என்ற வானியல் அறிஞர், 1960-களில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியைக் கொண்ட டெலஸ்கோப் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அங்கிருந்து பார்க்கத்தக்க விந்தைகளில் ஒன்று, நெருப்பைக் கக்கும் நட்சத்திர மண்டலம்.

சாணையில் பறக்கும் பொறி

நமது சூரியன் பால்வீதி என்ற நட்சத்திர மண்டலத்தில் இருக்கிறது. இதுபோன்ற மண்டலங்கள் கோடானுகோடி உண்டு. பெரிய மண்டலங்களின் நடுவில் பெரும்பாலும் ஒரு கருந்துளை இருக்கும். அது ஒளியைக்கூட விழுங்கிவிடும்.

விழ வரும் பொருள் எல்லாம் உள்ளே போய்விடுவதில்லை. சுழன்று, கொதித்து, ஒரு பகுதி இரு பக்கமும் பீறிட்டு வெளியே பாய்கிறது. பட்டறையில் சாணைக்கல்லில் இரும்பை வைத்தால் பொறி ஒரே திசையில் பறக்கிறது அல்லவா? பார்வைக்கு அதுபோலத்தான். ஆனால் இந்தப் பாய்ச்சலின் வேகம் ஏறக்குறைய ஒளியின் வேகம்!

எம் 87 என்ற மண்டலத்தில் இத்தகைய பாய்ச்சலை, 1918-ல் அமெரிக்க விஞ்ஞானி ஹீபர் கர்ட்டிஸ் கண்டார். அதன் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2019-ல் வெளியாயிற்று. அதன் எடை சுமார் 650 கோடி சூரியன்களின் எடை!

சில மண்டலங்களில் பாய்ச்சல் நேராகப் பூமியை நோக்கி வருகிறது. எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்வதுபோல் அவை அதிகப் பிரகாசமாகத் தெரியும். அவற்றுக்கு 'பிளேசார்' என்று பெயர்.

ஒரே பாய்ச்சல், பல கதிர்கள்

பாய்ச்சலில் உள்ள எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழலும்போது ரேடியோ அலைகள் பிறக்கின்றன. தொலைவிலுள்ள மண்டலங்களின் ரேடியோ அலைகளைப் பிடிக்க, 1970-ல் ஊட்டியில் 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ டெலஸ்கோப் அமைந்தது. அதை உருவாக்கியவர் கோவிந்த் ஸ்வரூப்.

எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களில் மோதி, அவற்றுக்குப் பன்மடங்கு சக்தியைக் கொடுத்தால் அவை காமா கதிர்களாகின்றன. இக்கதிர்கள் தரை வரை வருவதில்லை. காற்றில் மோதும்போது கண்சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு நேரம் நீல ஒளி மின்னும். லடாக்கிலுள்ள ஹான்லேயில் அந்த மின்னலைப் பிடிக்கிறார்கள். 2024-ல் அங்கே 21 மீட்டர் அகலமுள்ள 'மேஸ்' டெலஸ்கோப் திறக்கப்பட்டது.

பிளேசார் திடீரென்று பொங்கும். சில நாட்களில், சமயத்தில் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அப்போது ரேடியோவை மட்டும் பார்த்தால் போதாது. காமாவை மட்டும் பார்த்தாலும் போதாது. யானையைத் தடவிய குருடர் கதையாகிவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்து அளக்க வேண்டும். அதற்குக் காவலூர் போன்ற இடங்கள் வேண்டும். அங்கே இருட்டு வேண்டும்.

விளக்கை அணைக்க வேண்டாம்!

இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஒரு விளக்கையும் அணைக்கச் சொல்லவில்லை. அதன் தலைக்கு ஒரு மூடி போட்டுக் கீழே திருப்பினால் போதும். வானத்துக்குப் போகும் வெளிச்சம் பாதைக்கு வரும். குறைந்த மின்சாரமே போதும், பில்லும் குறையும்.

வாணியம்பாடியும் ஆம்பூரும் காவலூருக்கு இன்னும் பக்கம்தானே என்று கேட்கலாம். உண்மை. அவையும் திருந்த வேண்டும். ஆனால் மேலே போகும் வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறி, வெகுதூரம் வரை வானத்தை வெளுக்கச் செய்கிறது. அதற்கு ஊர் எல்லை தெரியாது.

ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 2022-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. லடாக் கிராமத்தார் செய்வதை, இயந்திரத் தொழிலில் பெயர் பெற்ற ஓசூர் செய்ய முடியாதா? மாநகராட்சியும், சிப்காட் ஆலைகளும், நெடுஞ்சாலைத் துறையும் புது விளக்கு வாங்கும்போதே மூடியுள்ளதாக வாங்கட்டும்.

மார்க்கேரியன் 421 என்ற பிளேசாரின் ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய 40 கோடி ஆண்டு ஆகிறது. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளி வாசலில் வந்து காணாமற்போவது நியாயமா? வீட்டுக்காரர் விளக்கைக் கொஞ்சம் கீழே திருப்பினால் போதும்.