முழங்கால் வலிக்கு வாங்கின பொட்டலம்

எங்கள் ஸ்ரீரங்கத்தில் நாலு மாமிகள் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்துச் சர்க்கரையில்தான் முடியும். முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போய்ச் சர்க்கரையையும் சேர்த்து வாங்கி வந்த கதை எங்கள் வீட்டுக் கதை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நின்று வந்ததிலிருந்து என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். யாரோ சொன்னார்கள் என்று திருச்சி டவுனில் ஓரிடத்தில் சீட்டும் இல்லாமல், பேரும் இல்லாமல், காகிதத்தில் மடித்த சின்ன வெள்ளை மாத்திரைகள் வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் அம்மா மாடிப்படி ஏறினார்! "பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்டி" என்றார். இரண்டாவது பொட்டலத்தை வாங்கி வந்தவள் நான்தான்.

நாலு மாசத்தில் முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டது. "உடம்பு தேறியிருக்கே" என்றார்கள் எல்லோரும். வளையல் இடித்தாலே கையில் கறுப்பாய்க் கன்றிப் போகும். ராத்திரி ஐந்து தடவை எழுந்து போவார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 118தான். சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்தால் 340! டாக்டர், "வேறே என்ன மருந்து சாப்பிடறேள்?" என்றார். "ஒண்ணுமில்லே" என்றோம் இருவரும். பொட்டலத்தை மருந்தாகவே நாங்கள் நினைக்கவில்லை, பாருங்கள்.

அது ஸ்டீராய்டு. நம் சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்று ஒன்றைத் தினமும் அளந்து சுரக்கிறது. ஸ்டீராய்டு அதன் அண்ணன். வெளியிலிருந்து அது நிறைய வந்தால், கல்லீரல் சர்க்கரையை அள்ளி ரத்தத்தில் விடும். இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்காது. காலையில் மாத்திரை போட்டால் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தால் ஏமாந்து போவோம்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. 1948ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் டாக்டர் ஹென்ச் இதைக் கொடுத்தபோது, மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண் எழுந்து நடந்தாளாம். 1950ல் நோபல் பரிசே கிடைத்தது. கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததும் இந்த இனம்தான். அதையே 2021ல் அளவு தெரியாமல் கொடுத்த இடங்களில் சர்க்கரை எகிறி, கறுப்புப் பூஞ்சையும் வந்து எத்தனை பேர் கண்ணை இழந்தார்கள்! தமிழ்நாட்டில் அந்த மே மாசமே அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தைக் குப்பையில் எறியப் போனேன். டாக்டர் முன்னாலேயே எச்சரித்திருந்தார், நல்ல வேளை. பல வாரம் சாப்பிட்டால் சொந்தச் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாம். அதனால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

இளம் தாய்மார்களுக்கு ஒன்று. முகம் வெளுக்க என்று தடவும் சில க்ரீம்களிலும், சொறி சிரங்குக் களிம்புகளிலும் இதே சரக்கு உண்டு. 2018லேயே இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் வந்தாயிற்று. குழந்தையின் தொடையிடுக்குச் சிவப்புக்கு அக்காள் கொடுத்த ட்யூபைத் தடவி, மேலே டயபரை இறுக்கினால் மருந்து உடம்புக்குள்ளேயே இறங்கும். ஆனால் ஆஸ்துமாக் குழந்தைக்கு டாக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அதில் அளவு மிகக் குறைவு, அதை நிறுத்தினால்தான் ஆபத்து.

அம்மாவின் முகம் பழையபடி ஆகிவிட்டது. சர்க்கரை இறங்கியிருக்கிறது, முழுசாகப் போகவில்லை. ராத்திரி இரண்டு இட்லியோடு சரி. முழங்கால் வலி திரும்ப வந்துவிட்டது. வென்னீர் ஒத்தடம் கொடுத்து, டாக்டர் சொன்ன பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு செய்கிறார், என்னைத் திட்டிக்கொண்டே.