பதிவேடு வைத்திருந்த குற்றம்

லண்டன், அக்டோபர் 2016

இஸ்லிங்டன் கவுன்சிலின் உரிமத் துணைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

ஃபேப்ரிக் இரவு விடுதியை மூடாதீர்கள் என்று ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். மூடாமலே ஒரு வழி பாருங்கள் என்று மேயர் சாதிக் கானும் சொல்லிப் பார்த்தார். செப்டம்பர் 6 மாலை கூடிய உங்கள் குழு நள்ளிரவு தாண்டி எழுந்தபோது உரிமம் ரத்தாகியிருந்தது. கெஞ்சிக் கேட்கும் கட்டம் அத்தோடு முடிந்தது. இனி ஊரறியக் கேட்பதுதான் மிச்சம். 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்தை நான் உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. அதை வைத்துத்தான் நீங்கள் ஆளுகிறீர்கள். இந்த ஒரு முடிவைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். இதை விளங்கிக்கொண்டால், இந்த நாட்டின் நடன இசை விடுதிகளில் பிள்ளைகள் ஏன் சாகிறார்கள் என்பதில் பாதியும், இனியும் ஏன் சாவார்கள் என்பதில் மீதியும் விளங்கிவிடும்.

முதலில் சாவுகள். இந்த ஆண்டு ஜூன் 25 அன்று ஃபேப்ரிக்குக்கு வந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 6 அன்று, அதே வயதில் இன்னொருவர். இருவருமே எம்.டி.எம்.ஏ. எனும் போதைப்பொருளை உட்கொண்டிருந்தார்கள். அதற்கு முன் 2011க்கும் 2014க்கும் இடையில் நால்வர். பெற்றவர்களுக்கு இவை வெறும் எண்கள் அல்ல. உங்களுக்கும் அல்ல என்றே எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சாவுகளைச் சின்ன விஷயமாக்கி விடுதியின் பக்கம் பேச எனக்கு மனமில்லை. இன்னொரு சாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் நீங்கள் எடுத்த முடிவு அதைத் தடுக்குமா என்பதுதான் என் கேள்வி.

ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு எதிரே, பழைய குளிர்பதனக் கிடங்கு ஒன்றில், 1999இல் தொடங்கிய விடுதி இது. அங்கே தரையே பாடும். நடன மேடைக்கு அடியில் 450 அதிர்விகளைப் பதித்து, காதுக்கு முன்னால் காலுக்கு இசை போய்ச் சேரும்படி செய்திருந்தார்கள். டிரம் அண்ட் பேஸ், டப்ஸ்டெப், டெக்னோ என்று லண்டன் உலகுக்குக் கொடுத்த, உலகிடமிருந்து வாங்கிய இசைக்கெல்லாம் பதினேழு ஆண்டுகள் அது வீடாக இருந்தது. ஆனால் இசைப் பெருமையைச் சொல்லி உங்களிடம் சலுகை கேட்கவில்லை. நல்ல இசை ஒலிக்கும் இடத்தில் பிள்ளைகள் செத்தால் பரவாயில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குக் கவலை தருவது வேறொன்று. போதைப்பொருள் விஷயத்தில் இந்த ஊரிலேயே மிகக் கவனமாக நடந்துகொண்ட இடங்களில் ஒன்றை நீங்கள் தேடிப்பிடித்து மூடியிருக்கிறீர்கள். இதைச் சொல்வது விடுதியின் விளம்பரப் பிரிவு அல்ல. 2014இல் காவல் துறை கேட்டபடி மோப்ப நாயும் அடையாள அட்டை ஸ்கேனரும் வைத்தே ஆக வேண்டும் என்று உங்கள் கவுன்சில் நிபந்தனை போட்டது. விடுதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 டிசம்பரில் நீதிபதி அந்த நிபந்தனைகளை நீக்கினார். நீக்கியதோடு, ஃபேப்ரிக்கின் நடைமுறைகள் மற்றவர்களுக்கு வழிகாட்டும் விளக்கு என்றும் சொன்னார். ஒன்பது மாதம் கழித்து அந்த விளக்கை ஊதி அணைத்தது உங்கள் குழு.

ஒன்பது மாதத்தில் நிலைமை மாறிவிட்டது, வாசலில் சோதனை ஒழுங்காக நடக்கவில்லை, உள்ளே போதைக் கலாசாரம் ஊறிவிட்டது, நிர்வாகத்தால் அதை அடக்க முடியவில்லை என்பது உங்கள் முடிவின் சாரம். சோதனை தளர்ந்திருந்தது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். தளர்ந்ததை இறுக்க உங்களிடம் எத்தனை வழிகள் இருந்தன என்பது என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். அத்தனையையும் தாண்டிப் போய்க் கடைசிக் கதவைத் திறந்தீர்கள். அதற்குச் சொன்ன சான்றுகளில் ஒன்றைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜூலையில் மாறுவேடத்தில் போன காவலர்கள் அங்கே வந்தவர்களிடம் போதையின் அறிகுறிகளைக் கண்டார்களாம்: வேர்த்திருந்ததாம், கண் சிவந்திருந்ததாம், எங்கோ வெறித்துப் பார்த்தபடி நின்றார்களாம். ஐயா, ஜூலை மாதத்து நள்ளிரவில், ஜன்னலில்லாத பழைய கிடங்கில், நூற்றுக்கணக்கானோர் மணிக்கணக்கில் ஆடினால் வேர்க்காமல் வேறென்ன செய்யும்? அதிகாலை மூன்று மணிக்கு யார் கண்தான் வெளுத்திருக்கும்? போதையில் இருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்திருப்பார்கள். வேர்வையைச் சான்றாக வைத்து 250 பேரின் வேலையையும் பதினேழு ஆண்டு உழைப்பையும் முடித்துவைக்கலாம் என்றால், இந்தக் கோடையில் பாதாள ரயிலில் போன எல்லோர்மீதும் வழக்குப் போடலாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விடுதியின் போதைப்பொருள் வரலாறு உங்களுக்கு எப்படித் தெரியவருகிறது? பெரும்பாலும் அந்த விடுதியே எழுதிவைப்பதால். வாசலில் பிடித்த பொட்டலத்தை உறையிலிட்டுப் பதிந்து காவல் துறையிடம் கொடுக்கும்போது ஒரு வரி ஏறுகிறது. மயங்கி விழுந்தவரை மருத்துவ அறைக்குத் தூக்கிப்போகும்போது இன்னொரு வரி. ஆம்புலன்ஸை அழைக்கும்போது மற்றொன்று. கவனமாக இருக்க இருக்கப் பதிவேடு தடிக்கிறது. ஒருநாள் அந்தத் தடித்த பதிவேட்டையே எடுத்து மேசைமேல் போட்டு, பாருங்கள், எத்தனை சம்பவங்கள் என்கிறீர்கள். களை பறித்தவன் வரப்பில்தான் களை குவிந்து கிடக்கும். பறிக்காதவன் வரப்பு எப்போதும் சுத்தம். உங்கள் குழு வரப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது.

இது நான் கற்பனையில் கட்டிய பயம் அல்ல. கிளாஸ்கோவில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடியில் இருந்த தி ஆர்ச்சஸ் அரங்கின் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1991இலிருந்து அங்கே நாடகமும் கலையும் இரவு நடனமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. நடன இரவுகளின் வருமானத்தில்தான் நாடகம் பிழைத்தது. 2014 பிப்ரவரியில் அங்கே போன பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மாத்திரை ஒன்றை விழுங்கி இறந்தாள். பிடிபட்ட போதைப்பொருளையெல்லாம் மறைக்காமல் காவல் துறைக்குத் தெரிவிப்பது ஆர்ச்சஸின் வழக்கம். அந்தத் தெரிவிப்புகளே திரண்டு அதற்கெதிரான குற்றப்பத்திரிகை ஆயின. 2015 மே மாதம் உரிமக் குழு நள்ளிரவோடு கதவை மூடச் சொன்னது. ஜூனில் நிறுவனம் திவாலாகி, நாடக அரங்கும் சேர்ந்து மூடப்பட்டது. அடுத்த ஆண்டே ஃபேப்ரிக். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் விடுதி முதலாளி ஒருவர் என்ன பாடம் கற்றுக்கொள்வார் என்று உங்கள் குழு ஒரு நிமிடமாவது யோசித்ததா? பொட்டலம் பிடித்தால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்று. எவனாவது மயங்கினால் பின்வாசல் வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோய் உட்காரவை. ஆம்புலன்ஸை மட்டும் கூப்பிடாதே, அது கணக்கில் ஏறும். இந்தப் பாடத்தை நடத்தியது நீங்கள். உடல் கொதித்து வலிப்பு வந்து விழுபவருக்குப் பத்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை எந்த மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் ஆறு பேர் செத்த இடத்தை அப்படியே விட்டுவிடச் சொல்கிறாயா?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சாவுகளின் காரணம் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் இருந்திருந்தால், கட்டடத்தை மூடியதும் சாவும் நின்றுவிட வேண்டும். நீங்கள் முடிவெடுத்து இரண்டே நாளில், செப்டம்பர் 9 அன்று, தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ.வோடு தொடர்புடைய சாவுகள் 2010இல் 8, 2015இல் 57. இந்தக் காலத்தில் விடுதிகள் பெருகவில்லை, குறைந்தன. நாடு முழுவதும் 2005இல் 3,144 இரவு விடுதிகள் இருந்தன, 2015இல் 1,733. லண்டனில் எட்டே ஆண்டில் பாதி போய்விட்டது என்று மேயரே சொல்கிறார். விடுதிகள் மூட மூடச் சாவு கூடியிருக்கிறது. மூடியதால்தான் கூடியது என்று நான் அவசரப்பட்டுச் சொல்லமாட்டேன். மாத்திரையின் வீரியம் கூடியதே முதல் காரணம். 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் ஒரு மாத்திரையில் 50 முதல் 80 மில்லிகிராம் எம்.டி.எம்.ஏ. இருப்பது வழக்கம். இப்போது சராசரியே 100ஐத் தாண்டிவிட்டது; 270க்கு மேல் உள்ளவையும் ஐரோப்பாவில் பிடிபட்டிருக்கின்றன. அண்ணன் காலத்து அளவை நம்பித் தம்பி இரண்டாவது மாத்திரையைப் போடுகிறான். எந்த வாசற்காவலர் இதைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்?

சோதனையை இன்னும் கடுமையாக்கியிருக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். உயர்ந்த மதில், பூட்டிய கதவு, சீருடைக் காவல், ஆடை களைந்து சோதிக்கும் அதிகாரம் எல்லாம் இருந்தும் இந்த நாட்டின் சிறைகளுக்குள் போதைப்பொருள் போகாமல் அரசாங்கத்தாலேயே தடுக்க முடியவில்லை. இருபது பவுண்டு சீட்டு வாங்கி ஆட வருபவரின் உள்ளாடை வரை சோதிக்கும் அதிகாரம் பவுன்சருக்கு இல்லை, இருக்கவும் கூடாது. மோப்ப நாய்? 2009இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், இசை விழா வாசலில் காவல் நாய்களைக் கண்டு பயந்த பதினேழு வயதுப் பெண் கையிலிருந்த மாத்திரைகளை ஒரே மூச்சில் விழுங்கி உயிரை விட்டாள். நாயை வைத்துப் போதையைப் பிடிக்கலாம். பிடிபடுவோம் என்ற பயத்தையும் அதே நாய்தான் உண்டாக்குகிறது.

லாபத்துக்காக நடத்தும் தொழிலுக்கு இவ்வளவு வக்காலத்தா என்று கேட்பவர்களும் உண்டு. லாபம்தான், யார் மறுத்தார்கள்? உரிமம் பெற்ற லாபத்தைக் கேள்வி கேட்கலாம், தண்ணீர்க் குழாய் வை, மருத்துவரை நிறுத்து என்று கட்டளையிடலாம். வாட்ஸ்ஆப்பில் முகவரி அனுப்பிக் காலிக் கிடங்கில் ஒலிபெருக்கி வைப்பவனின் லாபத்தை என்ன செய்வீர்கள்? உங்கள் நடனக் கூட்டம் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு தூங்கப்போவதில்லை, அங்கேதான் போகப்போகிறது. ஃபாரிங்டனில் புது ரயில் பாதை வருகிறது, நில விலை ஏறுகிறது, அதனால்தான் மூடினார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் நான் காணவில்லை. அந்தப் பேச்சில் சேரவும் மாட்டேன். பேராசையால் எடுத்த முடிவென்றால் ஆளை மாற்றினால் போதும். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு இது. அதனால்தான் அடுத்த ஊர்க் குழுவும் கூசாமல் இதையே செய்யும்.

செய்யக்கூடியது இல்லாமலா போயிற்று? நெதர்லாந்தில் 1992 முதல் அரசாங்க நிதியிலேயே மாத்திரைகளை வாங்கிச் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கொண்டுவந்தவருக்குச் சொல்கிறார்கள். இங்கேயே இந்த ஜூலையில், கேம்பிரிட்ஜ்ஷயரில் நடந்த சீக்ரெட் கார்டன் பார்ட்டி விழாவில், தி லூப் என்ற அமைப்பு உள்ளூர்க் காவல் துறையும் கவுன்சிலும் சம்மதிக்க ஒரு சோதனைக் கூடாரம் போட்டது. ஏறத்தாழ 200 பேர் வந்தார்கள். போதை என்று விற்றதில் மலேரியா மருந்தும் இருந்தது, கான்கிரீட்டும் இருந்தது. முடிவைக் கேட்ட பிறகு சுமார் கால் பங்கினர் வாங்கிய பொருளை அழித்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த நாயும் கேட்டு வாங்கியதல்ல அது. இப்படிச் செய்தால் போதையை ஆதரித்ததாகிவிடும் என்பார்கள். உண்மையைச் சொல்வது ஆதரவென்றால் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடும் அரசும் புகையிலை வியாபாரிதான். அந்தக் கூடாரம் உங்கள் எல்லைக்குள், ஃபேப்ரிக்கின் வாசலிலேயே ஒரு வெள்ளிக்கிழமை நின்றிருந்தால் அந்த இருவரில் ஒருவராவது இன்று வீட்டில் இருந்திருக்கலாம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கதவை மூடியதால் இனி ஒருவர் பிழைப்பார் என்று உங்களாலும் சொல்ல முடியாது. எதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற தேர்வாவது உங்கள் கையில் இருந்தது.

விடுதி மேல்முறையீட்டுக்குப் போகிறது. கவுன்சிலின் வழக்கறிஞருக்கு மக்கள் வரிப்பணத்தைக் கொட்டி அதை எதிர்க்கப்போகிறீர்களா, உட்கார்ந்து பேசப்போகிறீர்களா என்பது உங்கள் மனசாட்சியின் பாடு. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் எல்லைக்குள் நள்ளிரவுக்குப் பின் திறந்திருக்கும் மற்ற விடுதிகளின் பதிவேடுகளையெல்லாம் வரவழையுங்கள். எந்தப் பதிவேட்டில் இந்த ஆண்டு முழுக்க ஒரு பொட்டலமும் பிடிபடவில்லையோ, ஒருவரும் மயங்கவில்லையோ, ஒரு ஆம்புலன்ஸும் வரவில்லையோ, அந்த விடுதியின் உரிமையாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்துங்கள். நீங்கள் ஃபேப்ரிக்கை அளந்த அதே கோலால் அளந்தால் இஸ்லிங்டனிலேயே பாதுகாப்பான விடுதி அதுதான். உங்கள் பிள்ளைகளை அங்கே ஆடப்போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இந்த ஊரில் வரி கட்டும் ஒருவன்