தால் பருவமும் பாடாத தாயும்

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைத் தேர்வுக்காக மனனம் செய்தவர்கள் நம்மில் பலர். ஐந்தாம் மாதத்தில் தலையெடுத்து ஆடும் செங்கீரை, ஏழாம் மாதத்துத் தால், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றாம் மாதத்து முத்தம், அதன்பின் தளர்நடையிட்டு வரும் வருகை என்று நீளும் அவ்வரிசையை, ஒரு குழந்தையின் வளர்ச்சிக் குறிப்பாகவும் படிக்கலாம். அப்படிப் படிக்கும்போது ஓர் உண்மை தென்படுகிறது. அங்கே எந்தப் பருவத்திலும் குழந்தை தனியாக இல்லை. ஒரு குரல் 'ஆடுக' என்கிறது, 'கொட்டுக' என்கிறது, 'வருக' என்கிறது. அக்குரலுக்கு மறுமொழியாகவே குழந்தை வளர்கிறது. அக்குரல் எழாமற் போனால் என்ன ஆகும் என்பதை நம் இலக்கியம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

கேட்கத் தவறியதற்கு எங்களிடமே சான்று உண்டு. எங்கள் இலக்கிய வட்டத்துத் தோழி ஒருவர் இரண்டாவது பெண்குழந்தையைப் பெற்றிருந்தபோது நாங்கள் ஐவர் குழந்தை பார்க்கப் போயிருந்தோம். தோழி சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். குழந்தை அழுதது; அவர் திரும்பவில்லை. அவருடைய அம்மாதான் ஓடிவந்து தூக்கினார். 'தூக்கம் கெட்டிருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்' என்று சொல்லிவிட்டு, குழந்தை யார் ஜாடை என்று விவாதித்துவிட்டுத் திரும்பினோம். மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்ல எட்டு மாதங்களாயின. 'குழந்தையின் அழுகை பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்டது' என்று பின்னாளில் அவர் சொன்னார். அவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதற்சில நாட்கள் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவதும் மனம் அலைபாய்வதும் பெரும்பாலான பெண்களுக்கு நேர்வதே. இரண்டு வாரங்களுக்குள் அது தானே அடங்கிவிடும். அடங்காமல் நீடித்து, உறக்கம், பசி, ஆர்வம், தன்மதிப்பு ஆகியவற்றைத் தின்னத் தொடங்குவதே மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. இது சோம்பலுமன்று, பாசக்குறைவுமன்று. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.

இந்நோய் குழந்தையை எவ்வழியில் தொடுகிறது? அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த எளிய சோதனை ஒன்று இதை விளக்கும். நலமாயிருக்கும் தாய் தன் சில மாதக் குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, சில நிமிடங்கள் முகத்தில் எந்த அசைவுமின்றிக் குழந்தையைப் பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கைநீட்டுகிறது, குரலெழுப்புகிறது. பயனில்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. சோதனையில் அது சில நிமிடங்களே. மனச்சோர்வுற்ற வீட்டில் அது மாதக்கணக்கில் நீளக்கூடும். தாயின் பேச்சில் ஏற்ற இறக்கம் குறைகிறது. கண்கள் சந்திப்பது குறைகிறது. குழந்தையின் குறிப்புகள் கவனிக்கப்படாமல் போகின்றன. மொழியும் கவனமும் பற்றும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் முளைவிடுகின்றன. கோவாவில் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய தாய்மாரின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடையிலும் மனவளர்ச்சி மதிப்பீட்டிலும் பின்தங்கியிருக்கும் வாய்ப்பு மிகுதி எனக் காட்டியது. வாய்ப்பு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இது விதியன்று.

'இப்படியெல்லாம் எழுதினால் ஏற்கெனவே நொந்திருக்கும் தாயின் தலையில் இன்னொரு குற்றத்தைச் சுமத்துவதாகாதா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றம் எங்கே விளைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், மகப்பேற்றுக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 விழுக்காடு. அதனோடு தொடர்புடையவையாக அறியப்பட்டவை எவை? குறைந்த வருமானம், ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைகொடுத்து உதவ ஆளில்லாமை. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்வு ஒன்று வறுமையையும் கணவனின் வன்முறையையும் பெண்குழந்தைப் பிறப்பையும் சுட்டியது. இப்பட்டியலில் தாயின் குற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றேனும் உண்டா? குழந்தையின் வளர்ச்சி குன்றுவதற்குத் தாயைக் கூண்டிலேற்றுமுன் கூண்டில் நிற்க வேண்டியவர்களின் வரிசை நீளமானது. 'மறுபடியும் பெண்ணா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு வாசலேறிய உறவினர்களும், ஜாடை பார்க்கப் போன எங்களைப் போன்றோரும் அவ்வரிசையில் உண்டு.

'எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், இதெல்லாம் அவளுக்கு வந்ததில்லை' என்போரும் இருக்கிறார்கள். வந்ததில்லையா, சொல்ல இடமில்லையா? கூட்டுக் குடும்பம் பல பெண்களுக்குத் துணையாயிருந்தது உண்மை. ஆனால் அதே குடும்பத்துப் பிணக்குகள் நோய்க்கு வழிவகுப்பதையும் வேலூர் ஆய்வு காட்டுகிறது. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், பிள்ளை பெற்றபின் தாம் பட்ட துயரையும், ஓய்வு என்ற பெயரில் தமக்கு விதிக்கப்பட்ட முடக்கத்தையும் மூலமாகக் கொண்டு 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் சிறுகதையை 1892இல் வெளியிட்டார். நம்மிடமோ தாய்மையைத் தொழுத எழுத்து ஏராளம். தாய்மையில் தளர்ந்தவளைக் கேட்டறிந்த எழுத்து அரிது. தொழப்படுபவளால் 'என்னால் முடியவில்லை' என்று சொல்ல இயலாது.

சொல்ல இடம் கிடைத்தால் மீட்சி உண்டு என்பதே நம்பிக்கையளிக்கும் செய்தி. பாகிஸ்தானின் ராவல்பிண்டி வட்டாரக் கிராமங்களில், மனநல மருத்துவர்களல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று வீடுதேடிச் சென்று தாய்மாரோடு பேசினர். 2008இல் வெளியான அதன் முடிவின்படி, ஆறாம் மாதத்தில் அத்தாய்மாருள் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வில் இருந்தனர். அவ்வுதவி பெறாதவர்களில் அது 53 விழுக்காடு. உதவி பெற்ற வீடுகளில் தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியது. தென்னாப்பிரிக்காவின் கயெலிட்ஷா குடியிருப்பில், அங்கேயே வாழும் பெண்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சென்றதில் தாய் சேய்ப் பிணைப்பு வலுப்பட்டதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

நம் ஊரிலும் கிராம சுகாதாரச் செவிலியர் வீடுதேடி வருகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார், தடுப்பூசிக் கணக்கைச் சரிபார்க்கிறார். 1987இல் எடின்பரோவில் உருவாக்கப்பட்ட வினாப்பட்டியலில் பத்தே வினாக்கள்தாம். அவற்றைத் தாயிடம் கேட்க அதிக நேரம் பிடிக்காது. தடுப்பூசி அட்டையில் தாயின் மனத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. சிகிச்சை தேவைப்படுவோரை மருத்துவரிடம் அனுப்பும் வழியும் உடன் இருக்க வேண்டும். அரசு செய்யும்வரை காத்திராமல் கணவனும் உறவும் நட்பும் செய்யக்கூடியதும் உண்டு. இரவில் ஒருமுறை குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை உறங்கவிடுவது அதிலொன்று.

எங்கள் தோழி நலமடைந்தார். அந்தச் சிறுமி இன்று பள்ளிக்குப் போகிறாள்; வீட்டில் அவள் பேச்சை நிறுத்துவதுதான் சிரமம் என்கிறார். இடையில் விட்டுப்போன அழைப்புகளை அவரும் அவருடைய கணவரும் பொறுமையாக மீண்டும் தொடங்கினார்கள். குழந்தையும் மறுமொழி தந்தது. ஆனாலும் அந்த எட்டு மாதங்கள் எங்களை உறுத்துகின்றன. இப்போதெல்லாம் குழந்தை பார்க்கப் போனால் முதலில் தாயின் பக்கத்தில் அமர்கிறோம். 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்கிறோம்.